பத்தாவது குறை

அவர் தன் பழைய சைக்கிளை விற்றபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் மரப்பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடை வாசல். வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூடத்துக் காவலாளி. அவர் ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன்பே இவர் ஆரம்பித்துவிட்டார்.

"செயின் இழுத்துப்போச்சு. பின்சக்கரத்துல ரெண்டு கம்பி மாத்துனது. பெல்லு வெயிலுக்கு அடிக்கும், மழைக்கு அடிக்காது. முன்பிரேக்கு பேருக்குத்தான் இருக்கு. சீட்டு இடப்பக்கமாச் சாயும். நான் வலப்பக்கம் ஒதுங்கி உக்காந்து பழகிட்டேன். நீங்களும் பழகிக்கிரணும்."

ஒவ்வொன்றுக்கும் இடதுகை விரல் ஒன்றை மடக்கினார். சுண்டுவிரலில் தொடங்கிப் பெருவிரலில் முடிந்தது. ஐந்து.

டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, நீங்க சைக்கிள விக்கிறீகளா, ஆள வெரட்டுறீகளா?"

"ரெண்டும் இல்ல. இருக்கிறதச் சொல்றேன்."

காவலாளி போய்விட்டார். நான்காம் நாள் அவரே திரும்பி வந்தார். "வேற மூணு சைக்கிளு பாத்தேண்ணே. மூணுலயும் ஒரு குறையும் இல்லன்னு சொன்னாக. பயமாப் போச்சு" என்று சொல்லி இதையே வாங்கிக்கொண்டு, இடப்பக்கம் சாய்ந்தபடி ஓட்டிப் போனார்.

அவருடைய குணம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. குறையை முதலில் சொல்லிவிடுவார். தன் பொருளானாலும் பிறர் பொருளானாலும் அப்படித்தான். கேட்டால் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "குறைய விக்கிறவன் சொன்னா அது குறை. வாங்குனவன் கண்டுபிடிச்சா அது களவு."

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. 'அவர்' என்று எழுதுகிறேன், அதுவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் எங்கள் பட்டறையில் அவர் வேலை பார்த்த மூன்று வருடம் நான்கு மாதமும் நான் அவரை 'நீ' என்றே கூப்பிட்டேன். அவர் என்னை 'சார், நீங்க' என்றார். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரி ஊர் அவருடையது. அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் மதுரைக்கு வந்து மர மில்லில் மூட்டை தூக்கி, பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, பிறகு மெஷினே அவர் கையில் என்று ஆனவர். எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு எவர்சில்வர் தம்ளர் இருந்தது. அது சமையலறைக்குள் இருக்காது. கொல்லையில் துவைகல் மேல் கவிழ்த்து வைத்திருக்கும். அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் அளவுக் குமாஸ்தா. கட்டிய சுவரையும் போட்ட சாலையையும் அளந்து புத்தகத்தில் பதிவதுதான் வேலை. சின்ன வயதிலிருந்தே எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. படி ஏறினால் படியை எண்ணுவேன், சாப்பிட உட்கார்ந்தால் இட்லியை எண்ணுவேன். அரசு ஊழியன் தொழில் நடத்தக் கூடாது என்பது விதி. ஆகவே பட்டறைப் பலகையில் என் மனைவியின் பெயர் இருந்தது. அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. அப்படி நடத்துகிறவர்கள் எங்கள் பிரிவிலேயே ஐந்து பேர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கதவு, ஜன்னல், கட்டில் செய்தோம். மூன்று தச்சர்கள். கையால் இழைத்து மாளவில்லை. பழையதாக ஒரு இழைப்பு மெஷின் வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

திருமங்கலத்தில் மூடிக்கிடந்த ஒரு பட்டறையில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மெஷின் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. நீளமான இரண்டு இரும்பு மேசைகள், நடுவில் பிளேடு பூட்டிய உருளை. மரத்தை முன்மேசையில் வைத்துத் தள்ளினால் உருளை அடிப்பக்கத்தைச் சீவி, பின்மேசைக்கு அனுப்பிவிடும். நான் போல்ட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். அவர் மெஷின் பக்கமே போகவில்லை.

"அண்ணே, இதுல வேல பாத்த ஆளு யாரு?" என்று சொந்தக்காரரைக் கேட்டார்.

"இந்தா நிக்கிறான்ல, இவந்தான். எட்டு வருசம்."

"கையக் காட்டுப்பா."

அந்த ஆள் விழித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். இவர் புரட்டிப் பார்த்தார். நகம், விரல் நுனி, உள்ளங்கை.

"இதென்னய்யா, மெஷின் வாங்க வந்தீகளா, சோசியம் பாக்க வந்தீகளா?" சொந்தக்காரர் சிரித்தார்.

"கை முழுசா இருந்தா மெஷினப் பாக்கலாம்ணே. கையில இல்லாததத்தான் மெஷின்ல தேடணும்."

அதன் பிறகுதான் குனிந்தார். முதலில் மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொண்டார். "பெல்ட்டு என் கையில இருந்தா எவன் சுவிட்சப் போட்டாலும் கவல இல்ல." உருளையை விரலால் மெதுவாகச் சுற்றிவிட்டுக் காது வைத்துக் கேட்டார். உருளை உருண்டையா சதுரமா என்று பார்த்தார். உருண்டை. அவருக்கு மூச்சு வந்தது. "சதுர உருளைன்னா சும்மா குடுத்தாலும் வேணாம் சார். அது வெட்டாது, கையோட இழுத்துக்கிரும்." நேரான ஒரு மரச்சட்டத்தைப் பின்மேசையில் படுக்கவைத்து, உருளையைச் சுற்றி, பிளேடு சட்டத்தை நூலளவு தொட்டு நகர்த்துகிறதா என்று இரண்டு ஓரத்திலும் சோதித்தார். கடைசியில் நிமிர்ந்து கேட்டார்:

"மூடி எங்க?"

"என்ன மூடி?"

"உருளைக்கு மேல ஒண்ணு இருக்கும்ல. மரம் வரும்போது ஒதுங்கும், மரம் போனதும் திரும்பி வந்து மூடிக்கிரும்."

"ஓ, அதுவா! இடைஞ்சலா இருந்துச்சு, கழட்டிப் போட்டாச்சு. எங்கயாச்சும் கிடக்கும்."

அவர் பட்டறை முழுக்கத் தேடினார். கொல்லைப்புறம் போனார். கோழிக்கூண்டின் மேல் தகரம் பறக்காமல் இருக்கக் கனத்துக்காக ஒரு வார்ப்பிரும்புத் துண்டு வைத்திருந்தார்கள். பார்க்க ஆட்டுத்தொடை மாதிரி இருந்தது, கோழி எச்சம் வழிந்து காய்ந்திருந்தது. அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"இது இருந்தா வாங்கலாம் சார். இல்லாட்டி வாங்க, பஸ்ஸுக்குப் போவோம்."

"எட்டு வருசமா கோழியத்தான் காப்பாத்தியிருக்கு" என்றார் சொந்தக்காரர். கூட இருந்த எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெருமையாக, "போல்ட்டு மொத்தம் முப்பத்தெட்டு, எண்ணிட்டேன்" என்றேன்.

"மூடி இல்லங்கிறதப் பாத்தீகளா?"

நான் பார்க்கவில்லை.

"சார் எல்லாத்தையும் எண்ணுறீங்க. இருக்கிறதத்தானே எண்ண முடியும். இல்லாதத எண்ண முடியாதுல்ல" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சைக்கிள் சீட்டு சாயும் என்று சொன்ன அதே குரல்தான். அன்று எனக்குக் கோபம் வந்தது.

மெஷின் வந்து இறங்கியதும் மூடிக்கு சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தி, தள்ளினால் ஒதுங்கவும் விட்டால் திரும்பவும் வைத்தார். வேப்பங்கட்டையில் கைப்பிடி போட்ட தள்ளுகட்டை ஒன்று செய்தார். கையால் தள்ளாமல் அதைக்கொண்டு மரத்தைத் தள்ள வேண்டும். பிறகு சட்டங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளமில்லாத கட்டை மெஷினுக்குப் போகக் கூடாது, கையால் இழைத்துக்கொள்ள வேண்டும். கட்டைக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. தோளில் துண்டு கூடாது. மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் அவிழ்த்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்ட வேண்டும். அந்த ஆணியில் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் கயிறுகள் தொங்கும். "சாமி இங்க உக்காந்து பாத்துக்கிரும், வேலைய நாம பாப்போம்" என்பார்.

அவரால் எனக்கு வந்த சங்கடங்களுக்குக் குறைவில்லை. என் மனைவியின் உறவில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டில் செய்து கொடுத்தோம். கட்டிலை இறக்க வந்தவர், மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடிப் பிடித்து, நாலு பேர் முன்னால் சொன்னார்: "ஐயா, நாலு காலுல ஒண்ணு பச்ச மரம். அவசரத்துக்குக் காயல. ஆடிக்குள்ள முறுக்கும். முறுக்குனாச் சொல்லி விடுங்க, மாத்தித் தாரேன்."

நான் அவர் காலை மிதித்தேன்.

"சார் எதுக்கு என் கால மிதிக்கிறாரு?" என்று அவர்களையே கேட்டார்.

ஆடியில் கால் முறுக்கியது. சொல்லி விட்டார்கள். மாற்றிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்திலிருந்து அடுத்த வருடம் நான்கு கட்டில்களுக்கு ஆர்டர் வந்தது. அதை எண்ணி வைத்துக்கொண்ட நான், அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி அந்த ஆயுதபூஜை.

பட்டறையைக் கழுவி, மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். வீட்டுக்குள்ளே பூஜை அறையில் என் மனைவி பிள்ளைகளின் புத்தகங்களையும் தச்சர்களின் உளி, சுத்தியல், ரம்பத்தையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். "அம்புட்டுச் சாமானும் வந்திருக்கு, பெரிய மெஷினுக்கு மட்டும் ஒண்ணும் வரலையே" என்றாள். அத்தனை பெரிய இரும்பை எப்படி உள்ளே கொண்டுபோவது? அதில் கழற்றித் தூக்கக்கூடியவை இரண்டுதான்: மூடி, தள்ளுகட்டை. நானே கழற்றினேன். அவர் அப்போது பொரிகடலை வாங்கப் போயிருந்தார். துடைத்துக் கொடுத்தேன், அவள் பொட்டு வைத்துச் சாமிக்கு முன்னால் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி அன்று திரும்பப் பூஜை செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. அதுவரை புத்தகத்தைக்கூடப் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் மெஷினை ஓட்டி முதல் இழைப்பு இழைத்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. மனைவி மீனாட்சி கோயிலுக்குப் போயிருந்தாள், வந்துதான் பூஜை. ஒன்பதே முக்கால் ஆயிற்று, அவள் வரவில்லை. பத்தாயிற்று. தச்சர்கள் மூவரும் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். அவர் மட்டும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கொல்லைப் பக்கமாக வந்தார். மெஷினைப் பார்த்தார்.

"மூடி எங்க சார்?"

"பூஜையில இருக்கு."

"எடுத்துட்டு வாங்க, மாட்டிட்டுப் போடுவோம்."

"இன்னும் பூஜை ஆகலப்பா. அம்மா வரட்டும், அப்புறம் எடுத்துக்கலாம். நேரம் போகுது. நீ ஒரே ஒரு கட்டைய இழைச்சு ஆரம்பிச்சு வை."

"மூடி இல்லாம வேணாம் சார். தள்ளுகட்டையும் இல்ல." சுண்டுவிரலை மடக்கினார், மோதிர விரலை மடக்கினார். நான் எடுத்து வைத்திருந்த கட்டையைப் பார்த்தார். மனைவிக்குப் பூஜை மணை செய்வதற்கென்று தேர்ந்தெடுத்த தேக்குத் துண்டு. பத்து அங்குலம், நான்தான் அளந்தேன். அதன் மேலும் மூன்று விரல் பட்டையாகச் சந்தனம் பூசியிருந்தேன். "கட்ட குட்டையா இருக்கு." நடுவிரல். "சந்தனம் ஈரமா இருக்கு, வழுக்கும்." ஆள்காட்டி விரல்.

நான்கு குறைகள். கேட்டேன், எண்ணவும் செய்தேன். மணி பத்து பதினெட்டு.

பூஜை அறை அங்கிருந்து பதினோரு எட்டு தூரம். நான் போய் எடுத்து வந்திருக்கலாம், எடுக்கவில்லை. அவர் போய் எடுத்திருக்க முடியாது. கொட்டகையின் பின்வாசலுக்கும் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் இடையே இருந்த படியை மூன்று வருடத்தில் அவர் ஒரு முறையும் ஏறியதில்லை. ஏறக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. துவைகல் மேலிருந்த தம்ளரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா வாயைத் திறந்தா குறைதானா உனக்கு? அபசகுனமா எதுவும் பேசாதே. ஒரு தடவை, ஒரே ஒரு இழுப்பு. போடு" என்றேன்.

குறை சொல்வதை நிறுத்தச் சொல்லி அவரை யாரும் அப்படி அதட்டியதில்லை போலிருக்கிறது. அவர் முகம் சின்னப் பையனின் முகம்போல் ஆகிவிட்டது. மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுவிட்சைப் போட்டார்.

பாதிக் கட்டை போயிருக்கும். ஏதோ சொடுக்கியது போல் ஒரு சத்தம். கட்டை கொட்டகைச் சுவரில் போய் அடித்தது. அவர் கத்தவில்லை. வலது கையால் சுவிட்சை அணைத்துவிட்டு, உருளை சுற்றி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அது நிற்பதற்குள் மெஷினை விட்டு நகரக் கூடாது என்பதும் அவர் சட்டங்களில் ஒன்று. பிறகுதான் ஓரமாகக் கழற்றி வைத்திருந்த துண்டில் இடது கையைச் சுற்றிக்கொண்டார். நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாம் கணுவுக்கு மேல் இல்லை.

அரசு ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் போனோம். கட்டுப் போடுவதற்கு முன்னால் பதிவேட்டில் எழுத ஒருவர் வந்தார்.

"எங்க நடந்துச்சு? எப்படி அடிபட்டுச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். பட்டறையில் நடந்தது என்று எழுதினால் விசாரணை வரும். பட்டறை யாருடையது, யார் நடத்துவது, சம்பளம் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். என் வேலை போகும். அப்படி எழுதவில்லை என்றால் சட்டப்படி அவருக்கு வர வேண்டிய நஷ்ட ஈடு வராது. இரண்டும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், மில்லில் இருந்தவர்தானே. நான் தலையைக் குனிந்து தரையில் பதித்திருந்த சதுரக் கற்களை எண்ணினேன். என் காலிலிருந்து சுவர் வரைக்கும் பதினாறு. உண்மையாகவே எண்ணினேன்.

"வீட்டுல வெறகு வெட்டயில பட்டிருச்சு" என்று அவர் குரல் கேட்டது.

டாக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்தார். "அரிவாள் பட்டா இப்படி இருக்காதே?"

"அம்புட்டுத்தான் சார் நடந்துச்சு."

எனக்குத் தெரிந்து அவர் பொய் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி கோயிலிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தாள். பூஜை செய்யவில்லை. மூடியைச் சாமிக்கு முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், சந்தனத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து, தானே மெஷினில் மாட்டினாள். திருகைத் தலைகீழாகப் போட்டிருந்தாள்.

"அவரே உள்ள வந்து எடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

"எடுத்திருக்கலாம்" என்றேன்.

துவைகல் மேலிருந்த தம்ளரை மறுநாள் காணவில்லை. அவள் அதை என்ன செய்தாள் என்று நான் கேட்கவும் இல்லை.

மூன்று மாதச் சம்பளத்தைத் தச்சர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. உசிலம்பட்டி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று போகும். காலை ஆறிலிருந்து இரவு எட்டுக்குள் எத்தனை பஸ் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். ஒன்றிலும் ஏறியதில்லை. அவர் வேலைக்குத் திரும்பி வரவில்லை. ஊரில் இருந்துகொண்டு, பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்குத் துணையாகப் போய்ப் பார்த்துக் கொடுக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டரை வருடம் கழித்து எனக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. பட்டறையை மூட வேண்டியதாயிற்று. மெஷினை விற்கப்போவதாகச் சொல்லி வைத்தேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கலகலப்பான மனிதர். பின்னாலேயே ஓர் ஆள் கொட்டகை வாசலில் நின்றார், இடது கை துண்டுக்குள் இருந்தது.

"எங்க மாமா சார். மெஷின் பாக்கிறதுல கெட்டி" என்றார் வந்தவர்.

அவரைப் பார்த்து "வாங்க" என்றேன். முதல் தடவையாக. அவர் தலையசைத்தார். ஒருவரை ஒருவர் முன்பே தெரியும் என்று இருவருமே காட்டிக்கொள்ளவில்லை. யார் முதலில் அப்படி நடந்துகொண்டது என்று இன்றுவரை யோசிக்கிறேன். நான்தான்.

"சார், தப்பா நெனைக்காதீக, மாமா இத மொதல்ல கேக்கச் சொல்லும். இந்த மெஷின்ல யாருக்காச்சும் கையில அடிபட்டிருக்கா?"

"இல்லை" என்றேன்.

எதற்காகச் சொன்னேன்? உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த மெஷினை வந்தவர் வாங்கியிருக்கக் கூடும். என் வேலைக்கும் அப்போது ஆபத்தில்லை. பழகிப்போன பொய், சாய்ந்த சீட்டுக்கு உடம்பு பழகுவதுபோல் வாய் பழகியிருந்தது.

"ஒங்க ஆளு கையக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

அப்போது மெஷினில் இருந்த புது ஆள் கைகளை நீட்டினார். பத்து விரல்.

வந்தவர் திருப்தியாகச் சிரித்தார். "மாமாவுக்கு வெறகு வெட்டயில ரெண்டு வெரல் போயிருச்சு சார். அதுலருந்து யாரப் பாத்தாலும் கையத்தான் பாக்கும்."

சொந்த மருமகனுக்குக்கூட அவர் விறகு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அவர் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். உருளையைச் சுற்றினார், காது வைத்தார், சட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு கையில் செய்ததால் நேரம் பிடித்தது. நிமிர்ந்து, துண்டிலிருந்து இடது கையை எடுத்துக் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். "பேரிங்கு ஒண்ணு சத்தம் போடுது." சுண்டுவிரலை மடக்கினார். "பின்மேச ஓரத்துல ஒரு நூலு தாழ்வு." அடுத்து மடக்க விரல் இல்லை. ஆள்காட்டிக்குத் தாவினார். பிறகு பெருவிரல். பிறகு வலது கை. அதன் ஐந்தும் தீர்ந்த பிறகு கடைசி ஒன்றை விரல் மடக்காமலே சொன்னார். நான் எண்ணினேன். ஒன்பது குறைகள். ஒன்றுகூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

"வேற எதுவும் இருக்கா மாமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. விற்கிறவன் நான். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டகைத் தகரத்தில் வரிகள் இருந்தன, அவற்றை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் மூடியின் மேல் கையை வைத்தார். ஒதுக்கினார், விட்டார். அது திரும்பி வந்து மூடிக்கொண்டது. அதே சைக்கிள் ஸ்பிரிங்.

"மாப்ள, இத எதுக்காகவும் கழட்டாத. சாமிக்குன்னாலும் கழட்டாத. சாமிக்கு வேணும்னா அது இங்க வந்து பாத்துக்கிரட்டும்."

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவி பின்கட்டுப் படியில் வந்து நின்றாள். "உள்ள வந்து உக்காந்து காப்பி சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள். அவளும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர் படியைப் பார்த்தார். "இருக்கட்டும்மா. கை பூரா கிரீசு" என்று சொல்லி, தெருக் குழாயில் கழுவிக்கொள்ளப் போய்விட்டார்.

இப்போது கே.கே. நகரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். வருகிறவர்கள் கையை நானும் பார்க்கிறேன். அவர் இருக்கிறாரா என்று தெரியாது. இருந்தால் என்னைவிட ஒன்பது வயது மூத்தவராக இருப்பார். அந்த மெஷினுக்குப் பத்துக் குறைகள் இருந்தன. ஒன்பதை அவர் சொன்னார். பத்தாவதைச் சொல்லியிருக்க வேண்டியவன் விற்றவன். சொல்லவில்லை, அவர் வாக்குப்படி அது குறை என்ற பெயரை இழந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விஜயதசமி காலையில், மூடியை நான் கழற்றி வைத்திருந்ததால், சந்தன ஈரம் காயாத பத்து அங்குலக் கட்டையை இழைக்கச் சொல்லி நான் அதட்டியதால், அந்த மெஷினில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போயின. விறகு வெட்டும்போது அல்ல.